கொள்ளுத்தாத்தா கொடியேற்றியது எந்தச் சுதந்திரத்துக்கு?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா பாகூர்க்காரர். தாது வருஷம் பிறந்தவர், சைகோனில் (இன்றைய வியட்நாம்) சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக இருந்தவர், ஊர் திரும்பி பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர், சுதந்திரத்தன்று ஊரில் கொடியேற்றியவர் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவருடைய தம்பி கடலூரிலேயே தங்கிவிட்டார். கையில் இருப்பது சீருடையில் எடுத்த ஒரு படமும் ஒரு பிரெஞ்சுக் காகிதமும்தான். இந்திய விடுதலை வரலாற்றோடு சேர்த்து அவர் வாழ்க்கையை எழுத ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'இந்திய விடுதலை வரலாற்றோடு சேர்த்து' என்று ஆரம்பித்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா வாழ்ந்தது பாடப்புத்தகத்து இந்தியாவில் இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் அன்றைக்குப் பிரெஞ்சு மண். பெண்ணையாற்றைத் தாண்டி கடலூர் போனால் வெள்ளைக்காரன் மாறுவான், சட்டம் மாறும், சுங்கம் மாறும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், புதுச்சேரி ஒரே துண்டாக இருக்காது. பாகூர், நெட்டப்பாக்கம், திருபுவனை என்று தனித்தனியாகத் தென்னார்க்காட்டுக்குள் செருகிக் கிடக்கும். இன்றைக்குக் கடலூர் சாலை எல்லையில், முள்ளோடையில், மது பாட்டில் இருக்கிறதா என்று பையைத் தடவுகிறார்களே, அந்த எல்லைதான் அன்றைக்கு இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லை. ஆக, அண்ணனுக்கு ஒரு தேச வரலாறு, தம்பிக்கு வேறொரு தேச வரலாறு. இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கட்டுரைக்கு வேறு உத்தி எதுவும் தேவைப்படாது.

பலரும் செய்வது என்னவென்றால், இடப்பக்கம் 1885 காங்கிரஸ், 1919 ஜாலியன்வாலாபாக், 1930 உப்பு, 1942 வெள்ளையனே வெளியேறு என்று எழுதி, வலப்பக்கம் தாத்தாவின் பிறப்பு, கல்யாணம், இறப்பை ஒட்டிவிடுவார்கள். இரண்டுக்கும் ஒரு பேச்சுவார்த்தையும் இருக்காது. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த நிகழ்ச்சி அவர் கையிலிருந்த காகிதத்தையோ, வாங்கிய சம்பளத்தையோ, நடந்த பாதையையோ மாற்றியதா? மாற்றியிருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் எவ்வளவு பெரிய நிகழ்ச்சியானாலும் விட்டுவிடுங்கள்.

இனி வீட்டுக் கதையை ஒவ்வொன்றாக எடுப்போம்.

தாது வருஷம். தமிழ் வருஷங்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1876 சித்திரையில் பிறந்ததும் தாது, 1936 சித்திரையில் பிறந்ததும் தாது. முதல் தாதுவில்தான் தென்னாட்டையே சுரண்டிப்போட்ட பஞ்சம் தொடங்கியது. கிராமங்களில் 'தாது வருஷப் பஞ்சம்' என்றே பேர். இரண்டாவது தாதுவின் ஆடி மாதத்தில், 1936 ஜூலை 30 அன்று, புதுச்சேரி சவானா பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவின் பெயர் புதுச்சேரி எங்கும் பரவியதும் அந்த நாட்களில்தான். கொள்ளுத்தாத்தா என்பதால் 1876–77ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். நானும் அதைத்தான் எடுப்பேன், ஆனால் பென்சிலால் எழுதுவேன். பஞ்ச காலத்தில் பிறந்தவர்களை எல்லாம் பிற்பாடு 'தாது வருஷத்துப் பிள்ளை' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவது உண்டு. பஞ்சமோ 1878 வரை நீடித்தது. ஜாதகம் இருந்தால் கதை வேறு. மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் நாலும் ஒத்துப்போகும் நாள் அறுபது வருஷத்தில் அபூர்வமாகத்தான் கிடைக்கும், பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்து நாளைப் பிடித்துவிடலாம்.

ஜாதகம் இல்லையா? அவருடைய பிறப்புப் பதிவைத் தேடி அலைய வேண்டாம். 1880ல்தான் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பகுதிகள் உண்டாயின, பாகூரும் அவற்றில் ஒன்று. ஊர்ப்புறத்துத் தமிழர்களின் பிறப்பு, இறப்பு, திருமணங்கள் பிரெஞ்சுச் சட்டப்படி ஒழுங்காகப் பதிவாகத் தொடங்கியதும் ஏறக்குறைய அப்போதிலிருந்துதான். அதனால் தலைகீழாகப் போங்கள். அவர் பிள்ளைகளின் பிறப்புப் பதிவைப் பிடியுங்கள். பிரெஞ்சுக்காரன் பதிவேடு நம்மூர் பதிவேடு மாதிரி கட்டம் போட்ட அட்டவணை இல்லை. ஒரு பத்தி உரைநடை அது. ஆண்டு, மாதம், நாள், மணி எல்லாம் எழுத்தில் வரும். பிறகு 'எங்கள் முன் வந்து நின்றவர் இன்னார், இன்னாருடைய மகன், வயது இவ்வளவு, தொழில் இது, குடியிருப்பு இங்கே' என்று தகப்பன் வருவார். அவர் மனைவி பெயர், குழந்தையின் பெயர், இரண்டு சாட்சிகள், அவர்களுக்கும் வயது, தொழில், ஊர். 1904ல் பதிவான பிள்ளைக்குத் தகப்பன் வயது 27 என்றிருந்தால் உங்கள் தாது வருஷம் நிற்கும்.

அந்தப் பத்தியின் அடியில் கையெழுத்து இருக்கும். அதிகாரி பிரெஞ்சில் வளைத்து வளைத்துப் போட்டிருப்பார். பக்கத்தில் சில பதிவுகளில் தகப்பனும் சாட்சிகளும் தமிழில் போட்டிருப்பார்கள், எழுத்துக்கூட்டி, சில சமயம் புள்ளி வைக்காமல். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் அதையும் ஒரு வரியில் எழுதிவைத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அவர் கைப்பட எழுதியது வேறெதுவும் மிஞ்சியிருக்காது என்று தோன்றுகிறது. சாட்சிகளையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் மச்சான், பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர்தான் போயிருப்பார். சொந்தக்காரர்களே மறந்துபோன சொந்தம் அங்கே கிடைக்கும்.

இந்தப் பதிவேடுகளில் பழையவை பலவும் பிரான்சில் எக்ஸ் அன் ப்ரோவான்ஸில் உள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பக இணையதளத்தில் படமாகவே கிடைக்கின்றன. காசு கிடையாது. தேடும்போது பெயரைப் பிரெஞ்சுக் காதால் கேட்டு எழுதுங்கள். 'உ' வரும் இடத்திலெல்லாம் ஓ, யூ இரண்டு எழுத்து விழும். முத்து என்பவர் எம், ஓ, யூ, டி, டி, ஓ, யூ என்று நீளுவார். சாமி இரட்டை எஸ் போட்டுக்கொள்வார், சண்முகம் சி எச்சில் ஆரம்பிப்பார். இது தெரியாமல் ஆங்கில எழுத்தில் தேடிவிட்டு 'பதிவே இல்லை' என்று கைவிட்டவர்கள் நிறைய.

சொல்தா. இந்தச் சொல்லை அப்படியே நம்பிவிட வேண்டாம். புதுச்சேரியில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய யாரையும் ஊர் 'சொல்தா' என்றுதான் சொல்லும். அவர் வீடு சொல்தா வீடு, பேரன் சொல்தா வீட்டுப் பிள்ளை. உண்மையில் அவர் பட்டாளத்தில் இருந்திருக்கலாம். ஆனால் சைகோன் போன புதுச்சேரிக்காரர்களில் பெரும்பங்கு போலீசிலும் சுங்கத்திலும் சிறைக்காவலிலும் கணக்கெழுதும் வேலையிலும் இருந்தவர்கள். சைகோன் 1859ல் பிரெஞ்சு வசமானது. 1897 முதல் 1902 வரை போல் தூமேர் இந்தோசீனத்தின் (பிரெஞ்சுக்காரர் ஆண்ட வியட்நாம், கம்போடியா, லாவோஸ்) கவர்னர் ஜெனரலாக இருந்து உப்பு, சாராயம், அபின் மூன்றையும் அரசு ஏகபோகமாக இறுக்கினார். அதை நடத்த ஆள் வேண்டும், கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்த ஆள், வெள்ளைக்காரச் சம்பளம் கேட்காத ஆள். 1876ல் பிறந்தவருக்கு அப்போது இருபது சொச்சம் வயது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையில் தேச வரலாறு கதவைத் தட்டிய இடம் அநேகமாக இதுதான். தட்டியது காந்தி இல்லை, தூமேர். நமக்கு உவப்பான செய்தி இல்லைதான். அபினும் சாராயமும் விற்ற ஒரு காலனி அரசின் கீழ்ப்படியில் நின்று வாங்கிய சம்பளம் அது. எழுதும்போது மழுப்பாதீர்கள்.

எந்தத் துறை என்று கண்டுபிடிக்க உங்களிடமுள்ள இரண்டுமே உதவும். படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், சைகோன் ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம். சட்டைப் பொத்தானையும் தொப்பிச் சின்னத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், ராணுவமா சுங்கமா போலீசா என்பது அதிலேயே பிடிபடலாம். பிரெஞ்சுக் காகிதத்தில் முதலில் தலைப்பை மட்டும் படியுங்கள், உள்ளே இருப்பதைப் பிறகு பார்க்கலாம். கொடுத்த அலுவலகம் எது, எந்த ஊர், எண் என்ன? பென்ஷன் காகிதம் என்றால் அந்த எண்தான் திறவுகோல். ராணுவத்தினரின் கோப்புகள் பிரான்சில் போ நகரிலும் வான்சேனிலும் இருக்கின்றன, காலனி அரசு ஊழியர்களுடையது மேலே சொன்ன எக்ஸ் அன் ப்ரோவான்ஸ் காப்பகத்தில். இன்னொரு வழியும் உண்டு. இந்தோசீன அரசு ஆண்டுதோறும் 'அன்னுவேர்' என்ற தடிமனான கையேடு போடும், அதில் துறைவாரியாக ஊழியர் பெயர்கள் வரும். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பல ஆண்டுகளுக்கு உரியவை இருக்கின்றன. அதில் அவர் பெயர் எந்த ஆண்டில் முதலில் வருகிறது, எந்த ஆண்டில் காணாமல் போகிறது என்று பார்த்தாலே சைகோன் வாழ்க்கையின் நீளம் தெரிந்துவிடும்.

அவர் பெயரோடு திடீரென்று ஒரு குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் கவனியுங்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, தமிழர் ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போகலாம். அப்படிப் போனவர்களை ரெனோன்சான் என்பார்கள். போகும்போது ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இயக்கத்துக்கு முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1873ல் பூட்ஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர். பிறகு லபோர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்று சாதி வழக்கத்தைக் காத்தவர் சண்முக வேலாயுத முதலியார், அந்தக் காலத்துப் புதுச்சேரி அரசியலையே கைக்குள் வைத்திருந்தவர். துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அதிகம். துறந்தவர் சைகோன் போனால் 'நானும் பிரெஞ்சுக் குடிமகன், எனக்கும் அந்தச் சம்பளம், அந்த ஓட்டு' என்று கேட்க முடிந்தது. கேட்டார்கள், சண்டையும் போட்டார்கள். உங்கள் குடும்பத்தில் துறப்புப் பத்திரம் இருந்தால் பாகப்பிரிவினையையும் அதை வைத்துப் படிக்க வேண்டும். பிரெஞ்சு சிவில் சட்டத்தில் பெண் பிள்ளைக்கும் சம பங்கு. அண்ணன் வகையில் அத்தைகளுக்கு நிலம் போயிருக்கும், தம்பி வகையில் போயிருக்காது. இரண்டு வகையறாவும் பேசிக்கொள்ளாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

பழைய பதிவுகளில் சாதியும் எழுதியிருக்கும். வீட்டில் இன்று சொல்லிக்கொள்வதும் பதிவில் இருப்பதும் ஒன்றாக இல்லாமலும் போகலாம். அதைப் பார்த்துத் திடுக்கிட்டு ஆராய்ச்சியை மூட்டை கட்டியவர்கள் உண்டு.

தம்பிக்கு வருவோம். அவர் கதையில் காகிதம் மெலிந்துவிடும். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899ல் வந்தது. பதிவிலும் 'ஆண், தகப்பன் பெயர் இன்னது' என்பதோடு சரி, குழந்தை பெயர் பல சமயம் இருக்காது. அவருக்கு நிலம்தான் சாட்சி. பட்டா, சிட்டா, பத்திரப்பதிவு அலுவலகத்து வில்லங்கம், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தென்னார்க்காடு கிராமங்களின் செட்டில்மென்ட் பதிவேடு. நிலமே இல்லாதவர் என்றால் கடலூர் முதுநகர் துறைமுகம், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, ரயில்வே என்று கூலி கிடைத்த இடங்களில் தேட வேண்டும், கிடைப்பது கஷ்டம். இவருடைய பக்கத்தில்தான் காந்தியும் காங்கிரஸும் வருவார்கள். 1927ல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஜெனரல் நீலின் சிலையை எதிர்த்துச் சிறை போன அஞ்சலையம்மாள் கடலூர்க்காரர். தம்பி அந்தக் கூட்டங்களுக்குப் போனாரா என்று வீட்டில் யாராவது சொன்னால் சேருங்கள். சொல்லவில்லையென்றால் அஞ்சலையம்மாளை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிறுத்த வேண்டாம்.

அண்ணன் தம்பி இருவரையும் ஒருசேரத் தொட்டது எல்லைதான். 1908ல் பாரதி புதுச்சேரிக்குள் நுழைந்ததும் பிரிட்டிஷ் போலீஸ் வெளியே நின்றுவிட்டது. 1918 நவம்பரில் அவர் வெளியே கால் வைத்ததும் பிடித்துக் கடலூர் சிறையில் போட்டார்கள். பாரதிக்கு அது அரசியல். பாகூர்க்காரருக்குத் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன கொண்டுபோகலாம், என்ன கொண்டுபோகக்கூடாது என்கிற விஷயம். 1941ல் இரண்டு அரசும் சுங்க ஒப்பந்தம் போட்டு எல்லையைத் தளர்த்தின. 1949 ஏப்ரலில் சுதந்திர இந்தியா அதை முடித்து மறுபடி இறுக்கியது. யோசித்துப் பாருங்கள், பாகூரிலிருந்து கடலூர் போவது கடலூரில் ஆங்கிலேயன் இருந்தபோதைவிட அவன் போன பிறகு கடினமானது. வீட்டுப் பெரியவர்களிடம் '47ல் என்ன நடந்தது' என்று கேட்டால் மொட்டைத்தாதன் குட்டையில் விழுந்த மாதிரி பதில் வரும். 'கடலூரிலிருந்து சாமான் வராத காலம் நினைவிருக்கிறதா' என்று கேளுங்கள். மண்ணெண்ணெய், துணி, சோதனைச்சாவடி எல்லாம் கொட்டும்.

இனி கொடி. 'சுதந்திரத்தன்று' என்றால் எந்தச் சுதந்திரம்? 1947 ஆகஸ்ட் 15 பாகூரில் அரசு விழா இல்லை. அன்று மூவர்ணக்கொடி ஏற்றியிருந்தால் பிரெஞ்சு அரசுக்கு எதிராக ஏற்றியதாகத்தான் பொருள். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற மனிதர் அதைச் செய்திருந்தால் அது பெரிய விஷயம், ஆதாரம் வேண்டும். 1954 மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் கொடியேற்றி இணைப்பை அறிவித்தார்கள், பிரெஞ்சிந்திய அரசியல் தலைவர் எதுவார் குபேர் முன்னின்றார். பிறகு அக்டோபர் 18 கீழூர் வாக்கெடுப்பு: மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. புதுச்சேரியில் ஊர் ஊராகக் கொடியேறிய நாள் அதுதான். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16. இவற்றில் எந்த நாள் உங்கள் நாள்? நவம்பர் 1 என்று வைத்தால் அவருக்கு 78 வயது. ஊர்ப் பெரியவர் என்று கயிற்றைக் கையில் கொடுத்திருப்பார்கள், நடக்கக்கூடியதே. இல்லையென்றால் ஏற்றியவர் அவருடைய மகனாக இருந்து, பேரப்பிள்ளைகள் வாயில் ஒரு தலைமுறை மேலே ஏறியிருக்கலாம்.

அதே 1954 மே மாதம் வியட்நாமில் தியென் பியென் பூ என்ற பிரெஞ்சுப் படைத்தளம் விழுந்தது, ஜூலையில் போரை முடித்த ஜெனீவா ஒப்பந்தம். சைகோனில் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டத் தொடங்கிய வருஷமும் பாகூரை விட்டுப் போன வருஷமும் ஒன்றே. ஆகவே அடுத்த தலைமுறையை மறக்காதீர்கள். 1962 ஒப்பந்தம் அமலானபோது புதுச்சேரியில் குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர் இந்தியர். கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகளில் யாராவது அப்போது சைகோனிலோ பிரான்சிலோ இருந்திருந்தால் நேர்மாறு, எழுதிக் கொடுத்தால்தான் இந்தியர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

இதனால்தான் ஒரு எச்சரிக்கை. புதுச்சேரியில் நீங்கள் போய்ச் சித்தப்பாவிடம் 'தாத்தாவின் பிரெஞ்சுக் காகிதத்தைக் காட்டுங்கள்' என்றால், அவர் மனசில் முதலில் ஓடுவது வரலாறு இல்லை, 'இவன் நேஷனாலித்தேக்கு (பிரெஞ்சுக் குடியுரிமைக்கு) அலைகிறான்' என்பதுதான். அசலைக் கேட்காதீர்கள். அவர் கண்முன்னாலேயே போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, பிரதியை அவருக்கே அனுப்பிவிடுங்கள். 2011ல் வந்த 'தானே' புயலில் நனைந்துபோன பெட்டிகளைக் கண்ட ஊர் இது, 'மறுபடி நனைந்தாலும் பிரதி இருக்கும்' என்று சொன்னால் இளகுவார்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இதைவிடச் சுலபமான வழி. நிலம், சீதனம், உயில் சம்பந்தமானவற்றுக்கு நொத்தேர் (பத்திரம் எழுதிப் பதிவுசெய்யும் பிரெஞ்சு முறை அதிகாரி) பத்திரங்கள் இருக்கும். புதுச்சேரியிலேயே தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையமும் இருக்கிறது, பிரெஞ்சு ஆட்சிக்காலத்து நிர்வாகக் கோப்புகளுக்கு அங்கே போகலாம்.

முதல் வேலையாகப் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் அவருடைய இறப்புப் பதிவைக் கேளுங்கள். மனுவில் பெயரோடு தகப்பன் பெயர், ஊர், உத்தேச ஆண்டு எழுதினால் தேடித் தருவார்கள். ஆண்டு தெரியாது என்றால் 1945 முதல் 1965 வரை என்று வீச்சாகக் கொடுங்கள். அவர் இறந்தது 1954 நவம்பருக்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்த பிறகு கொடிக்கதையை எழுத உட்காருங்கள்.